அரசரின் கடைவாய்ப் பல்லும் நாற்பது கரும்புகளும்

முன்னொரு காலத்தில், கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும் என்று மேகங்களுக்குத் தெரியாத ஒரு மலைநாடு இருந்தது. பொழுது விடிந்தால் போதும், அவை பாட்டுக்குச் சாளரம் வழியாக அரண்மனைக்குள் வந்து தூண்களுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். காவலர்கள் விரட்டிப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அரசர் சபைக்கு வந்து தாம் கண்ட கனவைச் சொல்வார். அதன் பிறகுதான் நாடு வேலையைத் தொடங்கும். கனவில் மீன் வந்தால் வலைக்காரர்கள் ஏரிக்குப் போவார்கள். பூ வந்தால் கல்யாண மேளம் கொட்டும். ஒன்றுமே புரியாத கனவு என்றால் அன்று ஊருக்கே விடுமுறை. அங்கே பிறக்க எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஒருநாள் அரசரின் வலது மேல் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. தூக்கம் போயிற்று. தூக்கம் போனதும் கனவும் போயிற்று. பதினோரு நாள் சபையில் அரசர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து, "இன்றும் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏரியில் வலை விழவில்லை. மணப்பெண் ஒருத்தி பதினோரு நாளாக மாலையை மாற்றி மாற்றித் தொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுவதும் பாதி விழித்த கண்ணோடு பனிக்குள் நின்றது.

அரசரிடம் செவ்வந்தியப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவனைத் தனியே அழைத்து, "வைத்தியரிடம் போகவேண்டியதுதானே என்று கேட்காதே" என்றார் அரசர். "எட்டுப் போர் பார்த்தவன் நான். வாளைக் கண்டு பயந்ததில்லை. ஆனால் பல் பிடுங்கும் இடுக்கியை நினைத்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது. வெளியே சொல்லிவிடாதே."

"சொல்லமாட்டேன், அரசே. ஏரிக்கரையில் அல்லியம்மை என்று ஒருத்தி பல் பார்க்கிறாள். அவளை அழைத்து வரட்டுமா?"

இதைத் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டார் அமைச்சர் திருமேனிநாதர். விகடகவி சிரித்தாலே அவருக்கு வயிறு எரியும். அவருடைய மைத்துனரும் ஒரு பல் வைத்தியர். தாம் பிடுங்கிய பற்களையெல்லாம் வெள்ளிக் கம்பியில் கோத்து மூன்று சுற்றாகக் கழுத்தில் போட்டிருப்பார். பல்மாலை வைத்தியர் என்றுதான் பெயர். அவர் வீட்டு வாசலில் கூட்டம் இருக்கும். அத்தனை பல் சேர்த்தவர் கெட்டிக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று சனங்கள் நம்பினார்கள். வலிக்கிறபோது யாருக்கு யோசிக்கத் தோன்றுகிறது?

அமைச்சர் மறுநாள் சபையில் வணங்கி நின்றார். "அரசே, வாயால் சொல்வதை நம்பி வாயைத் திறக்கலாமா? சாட்சி வேண்டும். வைத்தியம் பார்த்த பற்களை உங்கள் முன் கொண்டுவந்து காட்டட்டும். என் மைத்துனர் காட்டுவார். செவ்வந்தியப்பனும் தன் அல்லியம்மையின் பற்களைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், அரசரின் பல்லோடு விளையாடிய குற்றத்துக்கு இருவரும் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்கு அந்த நேரத்தில் சுரீர் என்றது. "சரி, சரி" என்று கையை ஆட்டிவிட்டார். ஒரு பல் வலியில் இரண்டு பேருடைய ஊர் பறிபோகப் பார்த்தது.

செவ்வந்தியப்பன் ஏரிக்கரைக்கு ஓடினான். அல்லியம்மை கிராம்பை இடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நிதானமான கை.

"நீ பார்த்த பற்களைக் கொடு, தாயே. சபையில் காட்டவேண்டும்."

"நான் எங்கய்யா பல்லுக்குப் போவேன்? ரொம்பக் கெட்டுப்போனாத்தான் பிடுங்குவேன். வருசத்துக்கு மூணோ நாலோ வரும். அதையும் செம்பருத்திக்கு அடியில புதைச்சிடுவேன். மத்தபடி நான் பார்த்த பல்லெல்லாம் அவங்கவங்க வாயோட வீட்டுக்குப் போயிடுது."

செவ்வந்தியப்பன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். "நாளைக்கு நாற்பது கரும்பு வேண்டும், தாயே. அந்த வாய்களையும் வரச்சொல்" என்றான்.

மறுநாள் பல்மாலை வைத்தியர் மாலை கலகலக்க வந்து நின்றார். "முந்நூற்றுப் பன்னிரண்டு" என்றார். சபை வாயைப் பிளந்தது.

"எங்கே உன்னுடையவை?" என்று அரசர் கேட்டார்.

செவ்வந்தியப்பன் கதவைத் திறந்தான். பனிக்குள்ளிருந்து நாற்பது பேர் வந்தார்கள். வலைக்காரர், கொல்லர், பூக்காரி, தாடி நரைத்த பூசாரி, முக்காடு போட்ட ஓர் அம்மாள். ஆளுக்கொரு கரும்பு. வரிசையாக நின்று கடித்தார்கள். நறுக் நறுக் என்று சபை முழுவதும் சத்தம். சாறு தாடையில் வழிந்தது. மேகங்கள்கூடத் தூணை விட்டு எழுந்து கொஞ்சம் ஒதுங்கின.

"இது என்ன கூத்து?" என்று அமைச்சர் கத்தினார்.

"வைத்தியம் பார்த்த பற்களைக் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்திருக்கிறேன். வாயிலிருந்து கழற்றிக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே! இந்த ஐயாவின் மாலையில் இருப்பவை அவர் பார்த்த பற்கள் அல்ல, அரசே. அவரைப் பார்த்ததும் வாயை இழந்த பற்கள்."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. பல் வலித்ததால் அடக்கிக்கொண்டார். முக்காடு போட்ட அம்மாளைக் காட்டி, "நீ யாரம்மா?" என்று கேட்டார்.

முக்காடு மெல்ல விலகியது. பல்மாலை வைத்தியரின் மனைவி!

"வீட்டிலேயே வைத்தியரை வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாயா?"

"மகாராசா, அவர் கழுத்தைப் பார்த்தீங்கல்ல? என் பல்லும் அங்க தொங்க வேணாமேன்னு தோணுச்சு. அல்லியம்மா முதல்ல எனக்கு என்ன பயம்னு கேட்டாங்க. அதை வேற யாருமே கேட்டதில்ல."

கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் அரசர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "அல்லியம்மையை அழையுங்கள்."

அமைச்சர் விடவில்லை. "அரசே, இந்நாட்டில் எவர் தலையும் அரசர் தலைக்கு மேல் உயரக்கூடாது. உயர்ந்தால் நாடு கடத்தவேண்டும். என் மைத்துனர் பல்லில் கயிற்றைக் கட்டி, மூன்று முழம் தள்ளி மண்டியிட்டு இழுப்பார். இவளோ நோயாளியைச் சாய்த்து உட்காரவைத்து மேலே குனிந்து பார்ப்பவள். சட்டம் என்னாவது?"

உள்ளே வந்த அல்லியம்மை வாசலிலேயே நின்றுவிட்டாள். செவ்வந்தியப்பன் மட்டும், "நோவது மேல் பல்தானே?" என்றான்.

"ஆமாம்."

"மேல் பல்லைக் கீழேயிருந்து பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்."

அரண்மனைத் தோட்டத்துப் புன்னை மரத்தில் உயரமாக ஓர் ஊஞ்சல் கட்டினார்கள். பனி விலகி உச்சி வெயில் இறங்கிய நேரத்தில் அரசர் அதில் ஏறி அமர்ந்தார். புன்னைப் பூக்கள் அவர் மடியில் உதிர்ந்தன. கீழே அல்லியம்மை நின்றாள். அவள் தலை அவருடைய மோவாய்க்கும் கீழே இருந்தது. பலகை ஆடாமல் செவ்வந்தியப்பன் குந்தியிருந்து பிடித்துக்கொண்டான். பார்ப்பதற்கு அரசரே தமக்கு வராத கனவுக்குள் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

"என்ன செய்யப்போறேன்னு சொல்லிட்டுத்தான் செய்வேன், மகாராசா. ஒரு விரலைத் தூக்குங்க, நிறுத்திடுவேன்" என்றாள் அவள்.

வலியே இல்லாதபோது அரசர் விரலைத் தூக்கினார். நிறுத்தினாள். இன்னொரு தடவை தூக்கினார். நிறுத்தினாள். மூன்றாம் தடவையும் முகம் சுளிக்காமல் நிறுத்திக் காத்திருந்தாள். அதற்குப் பிறகு அரசர் விரலைத் தூக்கவே இல்லை. எட்டுப் போர் பார்த்த அந்தக் கண்கள் கலங்கின. வலியால் அல்ல.

சொத்தையைச் சுரண்டி, கிராம்பு எண்ணெய் தொட்டு, மெழுகு வைத்து அடைத்தாள். பல் வாயிலேயே இருந்தது. அரசர் ஊஞ்சலிலேயே தூங்கிவிட்டார். மறுநாள் காலை வரை இறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சபை கூடியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கனவு கண்டேன்" என்றார் அரசர். ஏரிக்கரை வரை ஆரவாரம் கேட்டது. "முந்நூற்றுப் பன்னிரண்டு பற்களும் மாலையிலிருந்து அவிழ்ந்து, வெள்ளைப் பறவைகளாகப் பறந்து, தங்கள் தங்கள் வாயைத் தேடிப் போயின. வழி தெரியாத ஒன்று மட்டும் நம் அமைச்சரின் மூக்கில் உட்கார்ந்தது."

அமைச்சர் தம்மை அறியாமல் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அரசர் வாய் கொள்ளாமல் சிரித்தார். கடைவாய்ப் பல்வரை தெரிய அவர் சிரித்ததை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அல்லியம்மைக்கு ஏரிக்கரையில் அரசரின் செலவில் ஒரு வைத்தியசாலை எழுந்தது. பல்மாலை வைத்தியர் மாலையைக் கழற்றிவிட்டு, கிராம்பு இடிக்க அங்கே போய்ச் சேர்ந்தார். மனைவியின் சிபாரிசு.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று அரசர் செவ்வந்தியப்பனைக் கேட்டார்.

"அந்த ஊஞ்சல், அரசே."

"எடுத்துக்கொள்."

"அதில் உட்கார்ந்தால் என் தலை உங்கள் தலைக்கு மேல் போகுமே?"

அரசர் எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். விகடகவியைப் பலகையில் ஏற்றி உட்காரவைத்தார். அமைச்சரும் சபையும் பார்க்க, பின்னால் நின்று தம் இரண்டு கைகளாலும் ஊஞ்சலை ஆட்டிவிட்டார். அன்று கனவில் பூ வராவிட்டாலும், புன்னைப் பூ உதிர்ந்ததையே கணக்கில் எடுத்துக்கொண்டு, இத்தனை நாளும் மாலை தொடுத்துக் காத்திருந்த அந்த மணப்பெண்ணுக்கு மேளம் கொட்டினார்கள்.