குருவி செருகிய "வா"

குருவியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், நடந்ததை யாரும் தலைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கென்று தூக்கணாங்குருவி இருந்தது. பனைமரத்தில் ஆளுக்கொரு கூடு, நாளுக்கொரு நார். போன தை மாதம் என்ன பேசினோம் என்று கேட்டால் போதும், குருவி அந்த நாரை உருவிப் பார்த்து உள்ளது உள்ளபடி சொல்லிவிடும். ஒரு சொல் கூடாது, குறையாது. ஹும், எப்பேர்ப்பட்ட காலம் அது!

அங்கே சடையன் என்றொரு தினைக்காட்டுக்காரன். பெண்டாட்டி பூவாயி மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால் அவன் வாய் இருக்கிறதே, அது மட்டும் அவன் சொன்னபடி கேட்காது. கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்துப் பூவாயி, அக்கரையில் பிள்ளை பெற்றிருந்த தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள். "நீ போயிட்டா காட்டுல பறவையை யார் விரட்டுறது?" என்று சடையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"போய்ட்டு வரேன்" என்றாள் அவள், வாசலில் நின்று.

"போ" என்றான்.

"போய் வா" என்றல்லவா சொல்ல வேண்டும்? வீட்டை விட்டுக் கிளம்புகிறவளிடம் வெறும் "போ" சொல்வார்களா? அந்த "வா"வுக்காக அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். வரவில்லை. கிளம்பிவிட்டாள். ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு சடையனுக்குக் கூழ் இறங்கவில்லை. விடிந்தால் பனையடிதான்.

"குருவி, நல்லாப் பார்த்துச் சொல்லு. கடைசியா நான் 'வா'ன்னு சொல்லலையா?"

"'போ'ன்னு மட்டும்தான் இருக்கு, சடையா."

நாற்பது நாள் இதே கேள்வி, இதே பதில். ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டான். குருவிக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணமான அன்று பூவாயியைப் பார்த்து, "வா, உள்ளே வா" என்று அவன் வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்ட நார் ஒன்று கூட்டின் அடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு "வா"வைப் பிய்த்து, அந்தப் பாழாய்ப்போன "போ"வுக்குப் பக்கத்தில் செருகியது.

"சடையா, இருக்கு! 'போய் வா'ன்னுதான் சொல்லியிருக்கே. இத்தனை நாளும் நான்தான் சரியாப் பார்க்கலை."

சடையன் பனையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பிறகு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தான்.

அறுப்பு முடிந்து ஒருநாள் வந்தான். குருவி கேட்காமலே அவனாகப் பேசினான். "நான் 'போய் வா'ன்னதும் பூவாயி திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. தலையில சாமந்தி வச்சிருந்தா."

குருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருகியது ஒரு "வா" மட்டும்தானே? சிரிப்பையும் சாமந்தியையும் அது வைக்கவே இல்லையே! சடையன் முகத்தைக் கூர்ந்து பார்த்தது. பொய்யின் சாயல்கூட அதில் இல்லை. இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று, கூடுகளை அவரவர் தலைக்குள் வைத்துவிட்டு, பேச்சையும் விட்டுவிட்டுப் பறந்துபோனது.

அன்று முதல்தான் நம் கூட்டை நாமே பின்னிக்கொள்கிறோம். எது நடந்த நார், எது நாம் செருகிய நார் என்று நமக்கே தெரிவதில்லை. நம்மை விட்டுப் போனவர்களும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.