நிற்கத் தெரிந்த வண்டி

ஓடினால் நிற்கும், நின்றால் விழும். அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

இரண்டு சக்கர வண்டி. குணவதிக்கு இந்த விடை நன்றாகத் தெரியும். போன மழைக்காலத்தில் சிக்னலில் அவள் ஊன்றிய கால் சேற்றில் வழுக்கி, வண்டி சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்த மகள் மகிழினிக்குக் கை முறிந்தது. கை கூடிவிட்டது. "இனிமே அம்மா வண்டியில ஏற மாட்டேன்" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. அன்றுமுதல் பள்ளிக்கு இரண்டு பேருந்து, வாரத்தில் மூன்று நாள் தாமதம்.

குணவதி இப்போது மூன்று சக்கர ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். ஓட்டப் பழக்க வந்த ஜெரால்டின் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய காலிச் சாலையில் பழகினார்கள்.

"ஏம்மா, மூணு சக்கரம்னா ஆட்டோதானே, மீட்டர் எங்கே?" என்றாள் நிறுத்தத்து நிழலில் இருந்த மகிழினி.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. நிறுத்தும்போதெல்லாம் குணவதியின் இடது கால் தரைக்குப் பாய்ந்தது.

"அக்கா, பின்சக்கரம் கால்மேல ஏறிடும். வண்டிக்கே மூணு கால் இருக்கு, நாலாவது எதுக்கு?"

"நானா வைக்கிறேன்? அதுவா போகுது டீச்சர். இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

ஜெரால்டின் கையை நீட்டினாள்.

"செருப்பைக் கழற்றிக் குடுங்க."

உச்சிவெயிலில் தார் கொதித்தது. முதல் தடவை நிறுத்தியதும் கால் தரையைத் தொட்டது, "ஐயையோ!" என்று மேலே வந்தது. மகிழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த தடவை பாதி வழியில் திரும்பியது. அதற்கடுத்த தடவை அசையவே இல்லை. வண்டியும் அசையாமல் நின்றது.

குணவதி குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள்.

"விழலையே டீச்சர்!"

"விழலை."

"ஆனா ஆபீஸ்ல கேலி பண்ணுவாங்க. ரெண்டு சக்கரம் ஓட்டத் தெரியாதவள்னு."

"காலையில இந்த ஊர் நெரிசல்ல ஓடுறது அதிகமா, நிக்கிறது அதிகமா?"

"நிக்கிறதுதான்."

"அப்போ நிக்கத் தெரிஞ்ச வண்டியில போங்க."

ஜெரால்டின் செருப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுப்பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது.

மகிழினி அதில் ஏறவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.