எட்டு மாதக் கோப்பு

பொன்னம்பலம் மடிக்கணினியை மேசையில் வைத்த விதத்திலேயே அலுப்பு தெரிந்தது.

"எது நல்லதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். எனக்கு இனித் தெம்பு இல்ல."

ஜெசிந்தா அந்தக் கல்லூரியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் லினக்ஸ் மாதிரி இலவச இயங்குதளங்கள் என்று வந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் அவள்தான் குரு.

அவர் தன் கஷ்டத்தைச் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. தம்பி மாசிலாமணிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. திரையில் விரலால் தொட்டால் அவனுக்காகப் பேசும் ஒரு நிரலை எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்து எட்டு மாதம்.

முதலில் கணினியில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டார். நிரல் எழுத டெபியன்தான் உசத்தி என்று எவனோ சொன்னான். அழித்துவிட்டு அதைப் போட்டார். பிறகு ஃபெடோரா, பிறகு ஆர்ச், நடுவில் ஒரு மாதம் ஃப்ரீபிஎஸ்டி. ஒவ்வொன்றையும் தனக்குத் தோதாக்கி முடிப்பதற்குள் அடுத்தது கண்ணில் பட்டுவிடும். பாவம், மனிதர் சோம்பேறி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாமல் உழைத்தார்.

"நீங்க எது வச்சிருக்கீங்க?"

"இருங்க, பார்த்துச் சொல்றேன்," என்று அவள் தன் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினாள்.

தன் கணினியில் என்ன ஓடுகிறது என்றே தெரியாத இவளிடமா வந்தோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"பழசு ஏதோ ஒண்ணு. சரி, உங்களுக்கு நானே ஒண்ணு போட்டுத் தரேன். தம்பிக்காக எழுதினதை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துக்குங்க. மத்ததையெல்லாம் அழிக்கப் போறேன்."

அவர் பென் டிரைவைச் செருகினார். டீயை எடுத்தவள் வாயில் வைப்பதற்குள் நகல் எடுத்து முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா சார்?"

திறந்து காட்டினார். ஒரே கோப்பு. முதல் வரியில் தம்பியின் பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

பொன்னம்பலத்துக்கு வெட்கமாக இருந்தது. தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் தம்பி அவருடைய கணினிப் பையைத்தான் பார்ப்பான். இந்த வாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

ஜெசிந்தா திரையிலிருந்த அந்த ஒரே வரியைப் படித்தாள். டீயைக் குடித்து முடித்தாள்.

"தம்பிக்கு முதல்ல என்ன வார்த்தை வேணும்?"



"தண்ணி," என்றார்.

அவள் மடிக்கணினியில் எதையும் அழிக்காமல், அந்தக் கோப்பு திறந்திருந்தபடியே அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.