செங்கீரியின் வால் எழுதிய சொல்

அந்தக் காலத்தில் விலங்குகள் மனிதரோடு பேசும். எழுத்து என்றால் உளியால் கல்லில் வெட்டுவது மட்டும்தான். ஓர் ஆற்றுத் துறையில் சடைச்சி என்ற கல்வெட்டுக்காரி இருந்தாள். அவள் வெட்டும் எழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். கோடையில் ஆறு வற்றியதும், கரையிலிருந்த யானை உயரப் பாறையில் "இறங்கலாம்" என்று வெட்டியிருந்தாள். எதிர்க்கரைக்கு வரும் வழிப்போக்கர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் ஆற்று மணலில் கால் வைப்பார்கள். கரியும் குங்கிலியமும் எண்ணெயில் காய்ச்சிய மையை அந்த எழுத்துகளின் பள்ளங்களில் அவள் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு செங்கீரி தலைதெறிக்க ஓடி வந்தது.

"அக்கா, மேட்டுக்கு ஓடு! மேலே ஏரிக்கரை உடைஞ்சுபோச்சு. என் வளைக்குள்ளேயே தண்ணி வந்துடுச்சு!"

சடைச்சி எதிர்க்கரையைப் பார்த்தாள். உப்பு மூட்டை சுமந்த கழுதைகளோடு இருபது பேர், பெண்களும் பிள்ளைகளுமாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கத்தினாள். எதிர்க்காற்று குரலை அவள் வாயிலேயே திருப்பி அடைத்தது. கையை வீசினாள். வரவேற்கிறாள் என்று நினைத்து அவர்களும் கையை வீசினார்கள்.

உளியை எடுத்தாள். ஓர் எழுத்து வெட்டவே அரைநாள் ஆகும். மைச்சட்டியைப் பார்த்தாள். பிறகு கீரியின் அடர்ந்த வாலைப் பார்த்தாள்.

"உன் வாலைக் கொடு."

"அந்த மை பட்டா ஜென்மத்துக்கும் போகாதே, அக்கா!"

"தெரியும்."

தூரத்தில் தண்ணீரின் இரைச்சல் கேட்டது. கீரி ஒரு முறை மலைப்பக்கம் பார்த்தது. பிறகு திரும்பி, வால்நுனியை மைக்குள் விட்டது.

சடைச்சி கீரியைத் தூக்கிப் பிடித்து, வெட்டிய சொல்லுக்கு மேலே அதன் வாலை இழுத்தாள். கோடு போட நேரமில்லை. முதல் எழுத்து தடித்தது. அடுத்தது சாய்ந்தது. மை தீர்ந்த இடங்களில் மயிர்கள் வரிவரியாய்க் கீறின.

"இறங்காதே."

எதிர்க்கரையில் முன்னால் வந்த உப்பு வணிகன் பொறையன் மணலில் வைத்த காலை அப்படியே நிறுத்தினான்.

"ஏண்ணே நின்னுட்டீங்க? கீழே 'இறங்கலாம்'னு வெட்டியிருக்கே," என்றான் அவன் தம்பி.

"அது என்னைக்கோ வெட்டினது. மேலே பாரு, ஈரம் வழியுது. யாரோ இப்பத்தான் பதறிப்போய் எழுதியிருக்காங்க. ஏறுங்க! எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க!"

கடைசிக் கழுதையை அவர்கள் மேலே இழுத்தபோது, சேறும் மரமுமாக வந்த வெள்ளம் துறையை விழுங்கியது. சடைச்சியும் கீரியும் பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டு பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் உப்பு வணிகர்கள் இக்கரைக்கு வந்தார்கள். சடைச்சிக்கு ஒரே வெட்கம்.

"கோணல்மாணலாப் போச்சு. சுரண்டிட்டு நேரா வெட்டிடறேன்."

பொறையன் அவள் கையிலிருந்த உளியை வாங்கிக்கொண்டான். "வேண்டாம் தாயி. நேரா இருந்திருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன்."

அந்த நாளிலிருந்துதான் செங்கீரியின் வால்நுனி கறுத்திருக்கிறது. மனிதர்களும் ஒருவரைச் சட்டென்று நிறுத்தவோ அழைக்கவோ வேண்டுமென்றால், டீக்கடைப் பலகையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், கணினியில் அடித்த எழுத்தே ஆனாலும், அப்போதுதான் ஒரு கை எழுதி எடுத்ததுபோல் தடித்துச் சாய்ந்து முனை உலர்ந்த தூரிகை எழுத்தையே தேடிப் போகிறார்கள்.