கோல்போஸ்ட் நடும் இடம்

கடலோரத்து ஊர் ஒன்றின் கால்பந்து கிளப்புக்கு பெர்க்மான்ஸ் முதலாளி. கிளப்பையும் மைதானத்தையும் சேர்த்து விற்கப்போவதாக ஒருநாள் மைதானத்திலேயே ஊரைக் கூட்டி, வாங்க வந்த சென்னைக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"வருசா வருசம் கைநட்டம். இந்தச் சென்னை சார் வாங்கினா நம்ம பயலுவ நல்லா ஆடுவானுவ. அதுக்குத்தான் விக்கேன். வேற காரணம் இருக்குன்னு எவனாவது காட்டட்டும், இப்பவே விக்கிறத விட்டுருதேன்!"

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் தொபியாஸ் மட்டும் கடப்பாரையோடு முன்னால் வந்தான்.

"உனக்கு என்னலே?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. புது மொதலாளி கையால மொதக் குத்து குத்தி கோல்போஸ்ட் நடுறதுதானே நம்ம வழக்கம்? சாரைக் கூப்பிட வந்தேன்."

சென்னைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கடப்பாரையை வாங்கிக்கொண்டார். தொபியாஸ் வடக்குக் கோடியைக் காட்டினான்.

"அங்க வேண்டாம்ப்பா, அங்க ரோடு வருது."

"அப்ப தெக்கால நடுவோமா சார்?"

"அது கார்னர் பிளாட். அட்வான்ஸே வாங்கியாச்சு."

பெர்க்மான்ஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடிப்பதற்குள் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

"நம்ம பயலுவ ரோட்டுலயா மொதலாளி நல்லா ஆடுவானுவ?" என்றான் தொபியாஸ்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெர்க்மான்ஸ் முகம் சிவந்து கத்தினார்: "லே, கூட்டம் முடிஞ்சுது! எல்லாரும் கலைஞ்சு போங்க!"

ஒருவரும் நகரவில்லை. தொபியாஸ் சென்னைக்காரரிடமிருந்து கடப்பாரையைத் திரும்ப வாங்கி, வடக்குக் கோடிக்குப் போனான். பெர்க்மான்ஸ் பின்னாலேயே ஓடிவந்தார்.

"விட்டுருதேன்னு சொன்னது நீங்கதான் மொதலாளி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கால்ல பட்டுரும்."

ஓங்கிக் குத்தினான்.