மந்திரியின் மண்

ஆற்றை மறித்துக் கட்டிய அணை நாலு மழைக்கே நிரம்பி வழிகிறதே, கோடை வருமுன்னே வற்றிவிடுகிறதே என்று ராஜா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். பரிசல் ஓட்டும் குருவம்மாளைச் சபைக்கு இழுத்து வந்தார் மந்திரி அனந்தப்பர். அவள் தன் வீட்டுச் சுவருக்குப் பூச அவர் மலையிலிருந்து ஒரு கூடை செம்மண் எடுத்துவிட்டாளாம்!

"சுவரை இடி! ஒரு பொடி குறையாமல் என் மண்ணைத் திருப்பிக் கொடு!" என்று குதித்தார் மந்திரி.

மழை வரப்போகிறது. சுவர் போனால் பிள்ளைகள் எங்கே படுக்கும்? குருவம்மாள் அழவில்லை. கும்பிட்டுக் கேட்டாள்: "சுவருல பூசினப்புறமும் அது உங்க மண்ணுதானா சாமி?"

"என் மலை மண் எங்கே கிடந்தாலும் என்னுடையதுதான்! ராஜா முன்னால் சத்தியம் செய்கிறேன்!"

அவ்வளவுதான்! குருவம்மாள் ராஜா பக்கம் திரும்பினாள்.

"மகாராஜா, முன்னெல்லாம் அணையில எவ்வளவு நீளக் கோலை விட்டாலும் தரை தட்டாது. இந்த மந்திரி சாமி தன் மலையில இருந்த மரத்தையெல்லாம் வெட்டி வித்தாரு. அதுலேர்ந்து ஒவ்வொரு மழைக்கும் மண்ணு கரைஞ்சு வந்து அணைக்குள்ள படுத்துக்குது. இப்ப பாதி அணை சேறுதான். அள்ளிப் பாருங்க, என் சுவரு மாதிரியே செவப்பு!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"அனந்தப்பரே, உம்முடைய மண்தானே? அள்ளும்!"

"மகாராஜா, அது... ஒரு பேச்சுக்கு..."

குருவம்மாள் பணிவாகக் கேட்டாள்: "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறீங்க சாமி? என் சுவருலேர்ந்தா, அணையிலேர்ந்தா?"