சேதுரத்தினம் சாத்திய கதவு

தூத்துக்குடிப் படகுப் பட்டறையில் ஒரே வயதுள்ள இரண்டு பழைய பாய்மரப் படகுகளைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்று வெளுத்துப்போனது. மற்றது பளபளப்பு, உள்ளே தேக்கும் மெத்தையும். அதை ஒரு டாக்டர் தலையில் கட்டப் பார்த்தார் தரகர் சேதுரத்தினம்.

படகடியில் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்த ஜெபமாலை சொன்னாள்: "இதோட மேலோடு மெல்லிசு, டாக்டரய்யா. வெளுத்ததுதான் கெட்டி."

"சிப்பி சுரண்டுறவ படகுக்குத் தரம் சொல்றியா?" என்றார் தரகர். "சுத்தியலால தட்டாம, ஒரு கீறல் விழாம நிரூபி. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"நான் தொடவே இல்லய்யா. நீங்களே உள்ள போய் கக்கூஸ் கதவைச் சாத்தித் திறந்து காட்டுங்க."

தரகர் சிரித்துக்கொண்டே போனார். கதவு நிலையில் இடித்துப் பிடித்தது. கௌரவம் விடவில்லை, ஓங்கி இழுத்துச் சாத்தினார். பிறகு அது திறக்கவேயில்லை. அவர் தட்டத் தட்டப் படகே தகர டப்பாவாக அதிர்ந்தது.

டாக்டர் வெளுத்த படகில் ஏறிப் பார்த்தார். அதன் கதவு ஒற்றை விரலுக்குத் திறந்தது.

"இவர் எப்படி வெளிய வருவார்?"

"முட்டு அழுத்தி மேலோடு உள்வாங்கி, கதவு நிலை கோணியிருக்கு. தண்ணியில இறக்கினா கதவு தானா திறந்துக்கும்," என்றாள் ஜெபமாலை. "இந்தப் படகை நம்பி இறக்கலாமான்னு அவரையே கேளுங்க."

உள்ளே தட்டுவது நின்றது.